சீசன் பாஸ் லவுஞ்சில் உட்கார்ந்தவர்கள்

போன மாதம் நான் வேலை பார்த்த பொழுதுபோக்குப் பார்க்கிலிருந்து ரம்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவள்.

"மேடம், லவுஞ்ச் கதவுல கேமரா வெச்சுட்டாங்க. முன்னால போய் நின்னா முகத்தைப் பார்த்துட்டு அதுவா திறந்துக்குது. கதவுகிட்ட இனிமே ஆள் வேணாமாம். புதுசா சேர்ந்தவங்க எல்லாம், முன்ன கதவுல நின்னவங்க அப்படி என்னதான் வேலை பார்த்தாங்கன்னு கேக்குறாங்க. ஒரு நாள் வந்து சொல்றீங்களா?"

போனேன், சொன்னேன். டீ இடைவேளைக்குள் முடிக்க வேண்டியிருந்ததால் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது சுண்ணாம்புக்குளம். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிற குடும்பம். வாழ்க்கைப்பட்டது லைட்ஹவுஸ் குப்பம். என் வீட்டுக்காரர் ஃபைபர் படகு வைத்திருந்தார். பொன்னேரி பக்கத்தில் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்று வருகிறது, பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நானே போய்க் கேட்டுச் சேர்ந்தேன். என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவேன், அது பிடிக்கவில்லை. "ராட்டினம் சுத்துற எடத்துல உனக்கு இன்னா வேலை?" என்றார். பெருக்கித் துடைக்கிற வேலை என்று சொன்னால் இன்னும் கோபம் வரும் என்று, "ஆபீஸ் வேலை நைனா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

பெருக்கினேன், துடைத்தேன், பிறகு டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தேன். அங்கே கணக்கு சரியாக வந்தாலும் எனக்குச் சலிப்பாக இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் முகம் சரியாகத் தெரியாது. திரும்பப் பெருக்குகிற வேலைக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இப்படியே சில வருஷம் ஓடியது.

அப்போதுதான் பார்க்கில் சீசன் பாஸ் லவுஞ்சைத் திறந்தார்கள். வருஷம் முழுக்க வந்து போகிறதற்கு மொத்தமாகப் பணம் கட்டிப் பாஸ் வாங்கியவர்கள் மட்டும் உட்கார்ந்து இளைப்பாற ஒரு ஹால். ஏசி, சோபா, குடிக்க ஏதாவது, குழந்தைக்குத் துணி மாற்ற ஒரு சின்ன அறை, தனிக் கழிப்பறை. சித்திரை வெயிலில் வெளியே தார் உருகும்போது உள்ளே அந்த ஹால் சொர்க்கம் மாதிரி இருக்கும். ஒரு நாள் டிக்கெட்டில் வந்தவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

லவுஞ்சுக்கு மேனேஜராக வந்தவர் மாதவன் சார். கப்பலில் பயணிகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிற பகுதியில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஒல்லியான ஆள், குரலே எழும்பாது. யாரிடம் பேசினாலும், அவர் உட்கார்ந்திருந்தால் இவர் முட்டியை மடக்கிக் குனிந்து அவர் கண்ணுக்கு நேராக வந்துதான் பேசுவார். விரலை நீட்டி எதையும் காட்ட மாட்டார், முழுக் கையையும் விரித்துத்தான் வழி காட்டுவார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் ரொம்ப நேரம் துடைப்பார்.

நான் லவுஞ்சுக்கு வந்தது ஒரு புதுப்பெண்ணால். கல்யாணமாகி முதல் தடவை புருஷன் வீட்டாரோடு வந்திருந்த பெண். சுற்றுகிற ராட்டினத்திலிருந்து இறங்கி நேராக லவுஞ்சுக்குள் வந்தவள், பட்டுப்புடவையோடு சோபா மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். மாமியார் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கப் போன நான் முதலில் அவள் தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, காதோரம் ஏதோ சொன்னேன். அவள் அழுகையை விட்டுச் சிரித்துவிட்டாள். பிறகுதான் சோபாவைத் துடைத்தேன்.

சாயங்காலம் மாதவன் சார் கூப்பிட்டு விட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?"

"எல்லாருக்கும் ஆகறதுதாம்மா, நேத்து ஒரு இன்ஸ்பெக்டரே தொப்பியில எடுத்தாருன்னு சொன்னேன் சார்."

"நேத்து இன்ஸ்பெக்டர் யாராவது வந்தாங்களா?"

"இல்ல சார்."

 அவர் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. "நாளைலேருந்து நீங்க இங்க வந்துடுங்க" என்றார்.

அவரிடம் கற்றுக்கொண்டதை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காலையில் திறப்பதற்கு முன்னால் ஹாலில் இருக்கிற ஒவ்வொரு இருக்கையிலும் நாங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். "நின்னு பார்த்தா நமக்கு ஹால் தெரியும். உட்கார்ந்து பார்த்தாத்தான் அவங்களுக்கு என்ன தெரியுதுன்னு தெரியும்" என்பார். உட்கார்ந்து பார்த்தால் மேஜைக்கு அடியில் ஒட்டியிருக்கிற சூயிங்கம் தெரியும், குப்பைத்தொட்டியின் உள்பக்கம் தெரியும், ஏசிக் காற்று நேராகக் கழுத்தில் அடிக்கிற இடம் தெரியும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் தண்ணீர் விளையாட்டு ஆடிவிட்டு ஈரத்தோடு வருவார்கள். அவர்களுக்கு என்று மரச்சட்டம் போட்ட நாற்காலிகள் ஒரு வரிசை, ஏசிக்குத் தள்ளி. "ஈரமா இருக்கீங்க, அங்க உட்காருங்க" என்று சொல்லக் கூடாது. உலர்ந்த துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்து போய் அந்த நாற்காலியில் விரித்துவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவர்களே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கதவில் நிற்பவருக்குத் தனிப் பாடம். பாஸை நீட்டினால் உடனே பாஸைப் பார்க்கக் கூடாது. முதலில் முகம், பிறகு பாஸ், பிறகு மறுபடி முகம். பேரைச் சொல்லி வரவேற்க வேண்டும். வெட்டிவேர் போட்டு ஐஸில் வைத்த சின்னத் துண்டை இடுக்கியால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்து மோரோ எலுமிச்சைச் சாறோ. "என்ன வேணும்?" என்று கேட்டால் அது ஓட்டல். "எதுல எல்லாம் ஏறினீங்க?" என்று கேட்டால் அது வீடு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார். உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது. துடைக்க வேண்டுமா, சுற்றித் துடை. பெரிய மனிதர் வருகிறாரா, வரட்டும், காத்திருக்கட்டும். இடம் நிறைந்துவிட்டால் வெளியே நிழலில் போட்டிருக்கிற பெஞ்சில் உட்காரவைத்து, துண்டும் மோரும் அங்கேயே கொடுத்து, காலியானதும் வரிசைப்படி கூப்பிட வேண்டும். ஒரு தடவை சினிமாவில் நடிக்கிற ஒருவரே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்திருக்கிறார்.

சில வருஷத்தில் நான் அந்தக் கதவுக்குப் பொறுப்பாளர் ஆனேன். கோட்டு மாதிரி தைத்த சீருடை, நெஞ்சில் 'கஸ்தூரி' என்று பெயர்ப்பட்டை. என் நைனா ஒரு தடவை வந்து வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, "ஆபீஸ்தான்" என்று ஒத்துக்கொண்டு போனார்.

இனி அந்தக் கோடைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் பார்க்கில் சுற்றுவட்டார ஊர்களுக்கு என்று பாஸ் விலையைக் குறைத்து விட்டார்கள். மீன்பிடித் தடைக்காலம் அதே சமயத்தில்தான் வரும். குப்பத்தில் வேலை பாதியாகக் குறைந்துவிடும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் லீவு. என் நாத்தனார் தனம் எங்கள் மகளிர் குழுவுக்குத் தலைவி. பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள் ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

"அண்ணி, அந்த பாஸ் வாங்குனா ஏசி ரூம்ல குந்தலாமாமே, நெசமா?"

"குந்தலாம்."

"எவ்ளோ நேரம்?"

"மூடுற வரைக்கும்."

அவ்வளவுதான். குழுவில் இருந்த அத்தனை பெண்களும் பிள்ளைகளோடு பாஸ் எடுத்துவிட்டார்கள்.

அவர்கள் முதல் தடவை லவுஞ்சுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலைக்குக் குளித்து, பூ வைத்து, பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கதவு திறந்ததும் தனம், ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி, "அண்ணீ!" என்றாள். ஹாலில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது.

நான் முதலில் முகத்தைப் பார்த்தேன். பிறகு பாஸைப் பார்த்தேன். மறுபடி முகத்தைப் பார்த்தேன். "வாங்க தனலட்சுமி மேடம், வணக்கம்" என்று சொல்லி இடுக்கியால் துண்டை எடுத்து நீட்டினேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னா அண்ணி, என்னியப் போய் மேடம்ன்ற!" பிறகு துண்டை முகத்தில் வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். "ஜில்லுனு கீதுடி" என்று பின்னால் இருந்தவர்களிடம் சொன்னாள். அவர்களுக்கும் அதே மரியாதை, அதே துண்டு, அதே மோர்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் வர ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் தண்ணீரில் ஆடும், இவர்கள் மாற்றி மாற்றி வந்து உட்கார்ந்து கதை பேசுவார்கள். சத்தமாகத்தான் பேசுவார்கள். அலைக்கு மேலே கேட்கிற மாதிரி பேசிப் பழகிய தொண்டை. சிரித்தால் கண்ணாடி அதிரும். ஆனால் போகும்போது கோப்பைகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் போவார்கள். வேண்டாம் என்று நான் சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

பிரபாகர் என்று ஒரு பாஸ்காரர் இருந்தார். சென்னையில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர், வாராவாரம் வயதான தாயாரோடும் பிள்ளைகளோடும் வருவார். அவர்தான் முதலில் ஆரம்பித்தார். "லவுஞ்ச்னா ஒரு தரம் இருக்கணும். மீன் நாத்தம் அடிக்குது" என்று மாதவன் சாரிடம் சொன்னார். அன்றைக்கு தனம் குழுவில் ஒருத்தர்கூட வரவில்லை. மாதவன் சார் அதை அவரிடம் சொல்லவில்லை. முட்டியை மடக்கிக் குனிந்து, "சோபாவை இன்னொரு தடவை துடைக்கச் சொல்றேன் சார்" என்று மட்டும் சொன்னார். பிரபாகர் இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ரீஜனல் ஹெட் வந்தார். மாதவன் சாரையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பிரச்சினை வந்தால் எங்காவது நகர்த்தி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிற ஆள். சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால் குழந்தை வண்டிகள் நிறுத்துகிற தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் ஃபேன் மாட்டி பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிடலாம், 'குடும்ப லவுஞ்ச்' என்று பெயர் வைத்துவிடலாம், லோக்கல் ஆட்களை அங்கே அனுப்பிவிடலாம் என்றார்.

"எல்லாப் பாஸும் ஒரே மாதிரி இருக்கே சார். எதை வெச்சுப் பிரிக்கிறது?" என்று மாதவன் சார் கேட்டார்.

"பாஸை வெச்சு எதுக்குப் பிரிக்கணும்? கஸ்தூரி அந்தப் பக்கம்தானே. பார்த்தாலே அவங்களுக்குத் தெரியும்ல?"

மாதவன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் தொடங்கினார்.

 மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். தடைக்காலத்தில் வீடு பெரும்பாலும் என் சம்பளத்தில்தான் ஓடும். அதெல்லாம் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது. ஆனால் வாய் அதற்குள் பேசிவிட்டது.

"தெரியும் சார். பார்த்தாலே தெரியும். அப்படிப் பிரிச்சா மொத ஆளா நான்தான் கொட்டாய்க்குப் போகணும். கதவுல யார் நிப்பாங்க?"

அவர் என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "நான் உங்களைச் சொல்லலை" என்றார்.

"என்னைத்தான் சார் சொன்னீங்க."

"நாளைக்குக் காலைல நானே வந்து நின்னு பார்க்கிறேன்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் மாதவன் சார் என்னோடு லவுஞ்ச் வரைக்கும் நடந்து வந்தார். கதவருகே நின்று, "கதவு உங்க பொறுப்பு. நாளைக்கு நீங்க எது செஞ்சாலும், நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் போதாது.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பி நேராக தனத்திடம் போனேன். கருவாடு அள்ளிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த கூடையை அப்படியே போட்டுவிட்டாள்.

"இன்னா அண்ணி சொல்ற? நமக்குக் கொட்டாயா? நான் வந்து நாலு கேள்வி கேட்டாத்தான் அந்தாளு அடங்குவான்."

"கேளு. நீ கத்துனது மட்டுந்தான் அவங்க காதுல விழும். கேட்டது விழாது."

"அப்ப இன்னாதான் பண்ண சொல்ற?"

"வந்து குந்துங்க. அவ்ளோதான். பாஸ் கீது, சீட்டு கீது. எல்லாரும் வாங்க, மொத பஸ்லயே வாங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

தனம் யோசித்தாள். குந்துவதற்குப் பஸ் ஏறிப் போவதா என்பது மாதிரி முகத்தை வைத்திருந்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

மறுநாள் கதவைத் திறக்கும்போதே வெளியே வரிசை நின்றது. முகம், பாஸ், முகம். பெயர், துண்டு, மோர். ஒருவர் விடாமல் அப்படித்தான் உள்ளே அனுப்பினேன். சோபா, நாற்காலி, ஈர நாற்காலி, ஜன்னலோர மேடை எல்லாம் நிறைந்துவிட்டது. குப்பத்துப் பெண்கள் மட்டும் இல்லை. வழக்கமாக வருகிற சென்னைக் குடும்பங்களும் நடுநடுவே இருந்தார்கள். அன்றைக்கு ஹாலில் சத்தமே இல்லை. தனம் குழு அப்படி வாயை மூடி உட்கார்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ரீஜனல் ஹெட் வந்தார். சுற்றிப் பார்த்தார். என் பக்கம் திரும்பி மெதுவாக, "அனுப்புங்க" என்றார்.

"உட்கார்ந்தவங்களை நாங்க எழுப்பறதில்ல சார்."

அவரே போனார். தனத்தின் முன்னால் நின்று, "அம்மா, உங்களுக்காகவே அந்தப் பக்கம் தனியா ஏற்பாடு பண்ணியிருக்கோம்" என்றார்.

"அப்டியா சார்? இதவிட நல்லாருக்குமா?"

"ரொம்ப வசதியா இருக்கும்."

"அப்ப நீங்க போய் குந்துங்க சார். எங்களுக்கு இதுவே போதும்" என்றாள் தனம். குரலை உயர்த்தவே இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சென்னைக்காரர் சிரித்துவிட்டு, சிரிப்பை மறைக்க மோரைக் குடித்தார்.

அந்த நேரம் பார்த்து பிரபாகர் வந்தார். கூடவே அவர் தாயார், மூட்டுவலியோடு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். நான் இருவருக்கும் துண்டு கொடுத்தேன். "இப்ப இடம் இல்ல சார். வெளிய நிழல்ல பெஞ்சு இருக்கு, காலியானதும் முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன்" என்றேன்.

பிரபாகருக்கு முகம் சிவந்துவிட்டது. "பார்த்தீங்களா சார்? பணம் கட்டுனவன் வெளிய நிக்கணும்" என்று ரீஜனல் ஹெட்டைப் பார்த்துச் சொன்னார்.

"இவங்களும் கட்டுனவங்கதான் சார்" என்றேன்.

"கஸ்தூரி, இப்பவே நாலு பேரை எழுப்புங்க" என்றார் ரீஜனல் ஹெட்.

"முடியாது சார்."

இந்த இரண்டு வார்த்தையையும் அதற்கு முன்னால் நான் மேலதிகாரி யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.  ஆனாலும் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் இப்படி நின்றுகொண்டிருக்க, அந்தத் தாயார் கதவு நிலையில் சாய்ந்து ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதை எங்களில் யாரும் கவனிக்கவில்லை. தனம் கவனித்திருக்கிறாள். அவள் எழுந்தாள். நேராகக் கதவுக்கு வந்தாள். ரீஜனல் ஹெட் ஏதோ சண்டைக்கு வருகிறாள் என்று ஓர் அடி பின்னால் போனார். அவரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, காலு வலிக்குதா? நீ வா. என் எடத்துல வந்து குந்து" என்று கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போய் சோபாவில் உட்காரவைத்தாள். பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து, தாயாரின் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்ள இடம் விட்டாள். இன்னொருத்தி தன் முதுகுக்கு வைத்திருந்த சோபாத் தலையணையைக் கொடுத்தாள். நான் மோர் கொண்டுபோனேன்.

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டுக் காலை நீட்டிக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். "எந்த ஊரும்மா நீங்கள்லாம்?" என்றார்.

"லைட்ஹவுஸ் குப்பம்மா. பழவேற்காடு."

"பழவேற்காடா! அங்க நண்டு பெருசா இருக்குமாமே?"

அதுவரைக்கும் வாயை அடக்கி வைத்திருந்த கூட்டம் அது. நண்டு என்ற சொல் போதுமானதாக இருந்தது. எந்த நண்டு ரசத்துக்கு, எது வறுக்க, கடையில் வாங்கும்போது எங்கே அமுக்கிப் பார்க்க வேண்டும், எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். கண்ணாடி அதிர்ந்தது. அந்த அம்மாள் எல்லாருக்கும் மேலே சத்தமாகக் கேள்வி கேட்டார். நடுவே யாரோ எதையோ சொல்ல, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பிரபாகர் உள்ளே போய், "அம்மா, வா, வேற எங்கயாவது போகலாம்" என்றார்.

"நீ போடா. எனக்குக் கால் வலி. வாராவாரம் கூட்டிட்டு வந்து மூலைல உட்கார வெச்சுட்டுப் போனைப் பார்த்துட்டு இருக்கே. இன்னைக்குத்தான் ஆள் கிடைச்சிருக்கு பேசறதுக்கு."

 பிரபாகர் என்ன செய்வதென்று தெரியாமல் நடுவில் நின்றார். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தனம்தான் அதையும் சரிசெய்தாள். பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும்படி ஒருத்தியிடம் சொல்லி, காலியான நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீயும் குந்து சார். நின்னுகினே இருந்தா எவ்ளோ நேரம் நிப்ப?"

அவர் உட்கார்ந்தார்.

அப்போது மாதவன் சார் உள்ளே வந்தார். கையில் தட்டு, தட்டு நிறைய மோர். மேனேஜர் தட்டு ஏந்தி யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து கொடுத்துக்கொண்டே போய், கடைசி டம்ளரை ரீஜனல் ஹெட்டிடம் நீட்டினார்.

"சார், இந்த ஹால்ல இப்ப யாருக்காவது குறை இருக்கற மாதிரி தெரியுதா?"

ரீஜனல் ஹெட் மோரை வாங்கிக்கொண்டார். நின்றபடியே குடித்தார். டம்ளரை என்னிடம் கொடுத்தபோது, "அந்த ஷெட்டுல வண்டிங்களே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கூப்பிட்டார்கள் என்றும், மாதவன் சார் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார் என்றும் பிறகுதான் தெரிந்தது. என்ன பேசினார் என்று கேட்டேன். "கப்பல்ல நடந்த கதை ரெண்டு சொன்னேன்" என்றார். 

பிரபாகரின் தாயார் அதற்கு அடுத்த வாரமும் வந்தார், அதற்கு அடுத்த வாரமும் வந்தார். கதவில் நுழைந்ததும் "தனம் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். வரவில்லை என்றால் முகம் வாடிவிடும். பிரபாகர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார் என்றெல்லாம் எழுதினால் பொய். ஆனால் ஒரு நாள் போகும்போது, "அந்தம்மாகிட்ட நல்ல நண்டு கிடைக்குமான்னு கேட்டுச் சொல்றீங்களா?" என்றார். தடைக்காலம் முடிந்ததும் தனம் அவருக்கு ஐஸ் பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த கோடையில் மற்றக் குப்பங்களிலிருந்தும் வந்தார்கள். உள்பக்கம் நெல் விளைகிற ஊர்களிலிருந்து விவசாயக் குடும்பங்களும் வந்தார்கள். ஹாலை இடித்துப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. மாதவன் சார் வேலையை விட்டுப் போகும்போது மேனேஜர் வேலைக்கு என் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். முட்டியை மடக்கிக் குனிந்து பேசிப் பேசியே எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இந்த நிறுவனத்தார் வேறு ஊர்களில் திறந்த பார்க்குகளிலும் உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது என்பதைப் பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் இல்லை.

ஓய்வு பெற்றபோது எனக்கு ஆயுள் முழுக்கச் செல்லும் பாஸ் ஒன்று கொடுத்தார்கள். வேலையில் இருந்தவரைக்கும் பார்க்கில் எந்த விளையாட்டிலும் நாங்கள் ஏறக் கூடாது. ஆகாயத்தில் தலைகீழாகச் சுற்றி வருகிற அந்த ரோலர் கோஸ்டரின் சத்தத்தை வேலைக்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, அதில் உட்கார்ந்ததில்லை.

இந்தக் கோடையில் ஒரு நாள் தனத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். "அண்ணி, வேணாம் அண்ணி, எனக்கு பேஜாரா கீது" என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். இரும்புப் பட்டையை மார்புக்குக் குறுக்கே இறக்கிப் பூட்டினார்கள். பெட்டி கடகடவென்று மேலே ஏறியது. உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நின்றது. வெயிலில் வயலும் உப்பங்கழியும், அதற்கப்பால் வெள்ளித் தகடு மாதிரி ஒரு கோடும் தெரிந்தன. "ஏரிடீ!" என்று நான் கத்துவதற்குள் பெட்டி கவிழ்ந்துவிட்டது. அப்புறம் நாங்கள் இருவரும் கத்தியது பொன்னேரி வரைக்கும் கேட்டிருக்கும்.

இறங்கியபோது தனத்தின் கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் முடி. எனக்கு ஒரு கால் செருப்பைக் காணோம். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம்.

"இன்னா அண்ணி, ஜூஸ் குடிக்கலாமா?" என்றாள்.

"அப்பால குடிக்கலாம்" என்று சொல்லி, இன்னொரு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மறுபடியும் வரிசையில் போய் நின்றேன்.